உயர் இரத்த அழுத்தமும் ஜப்பானியக் கம்போ மருந்துகளும்: எதைத் தேர்வது, எதைத் தவிர்ப்பது

ஜப்பானில் உயர் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எழுதிக் கொடுக்கும் மருத்துவரே, அதே சீட்டில் ஒரு மூலிகைத் தூளையும் எழுதிக் கொடுக்கலாம். கம்போ எனப்படும் அந்நாட்டு மரபு மருத்துவத்துக்கு அங்கே தனி மருத்துவர் உரிமம் கிடையாது. 1874இல் மெய்ஜி அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறை, மேலைமுறைக் கல்வி பெற்றவர்களுக்கே மருத்துவம் பார்க்கும் உரிமையை வழங்கியது. கம்போ மருத்துவர்களுக்குத் தனி உரிமம் கேட்டு வந்த சட்ட முன்வரைவை 1895இல் நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. அதற்குப் பின் ஏறக்குறைய மறைந்துபோன மரபு இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மீண்டது. 1976இல் கம்போ கூட்டு மருந்துகள் பெரும் எண்ணிக்கையில் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டன. இன்று அப்பட்டியலில் 148 மருந்துகள் இருக்கின்றன. ஆகவே ஜப்பானிய நோயாளி மாத்திரைக்கும் மூலிகைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் எழுவதில்லை. மாத்திரையோடு எந்தக் கூட்டு மருந்தைச் சேர்ப்பது, அல்லது எதையும் சேர்க்காமல் விடுவதா என்பதே அவர் முன்னுள்ள கேள்வி.

இந்தக் கேள்வி சிறுபான்மையினருக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிய உயர் இரத்த அழுத்தச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், அந்நாட்டில் ஏறத்தாழ 4.3 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் சுமார் 3.1 கோடிப் பேருக்கு அது கட்டுக்குள் இல்லை என்றும் மதிப்பிட்டது. எழுபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் 130/80க்குக் கீழும், வீட்டில் அளந்தால் 125/75க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது அது வகுத்த இலக்கு. இந்த இலக்கை எட்டாதவர்களில் பலருக்கு இரத்த அழுத்த எண்ணைவிடக் கூடுதலாகத் தொல்லை தருபவை வேறு: காலையில் எழும்போதே தலை கனப்பது, தோள்பட்டை இறுகுவது, முகம் சிவந்து சூடேறுவது, காதில் இரைச்சல், எரிச்சல், தூக்கமின்மை. கம்போவை நாடுகிறவர்கள் இவற்றுக்காகவே நாடுகிறார்கள்.

எந்தக் கம்போ மருந்து அழுத்தத்தைக் குறைக்கும் என்பதே வழக்கமாக எழும் கேள்வி. அதற்கு முன்னால், எந்த மூலிகைச் சரக்கு அழுத்தத்தை ஏற்றும் என்று கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறைக்கும் ஆற்றல் கம்போவில் மிதமானது, பல நேரங்களில் ஐயத்துக்குரியது. ஏற்றும் ஆற்றலோ தெளிவாக நிறுவப்பட்டது; அதன் வழிமுறையும் முழுமையாக விளங்கியிருக்கிறது.

ஏற்றும் சரக்குகளில் முதலாவது கன்சோ. இது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அதிமதுரம்தான். ஜப்பானிய மருந்தியல் தொகுப்பு இச்செடியின் இரண்டு இனங்களை ஏற்கிறது. அவற்றுள் ஒன்றான கிளைசிரைசா கிளாப்ராவே நமக்குப் பழக்கமானது. ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது கம்போ மருந்துகளில் கன்சோ இருக்கிறது. சுவையைச் சீர்செய்யவும் பிற சரக்குகளின் கடுமையைத் தணிக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். அதிலுள்ள கிளைசிரைசின் குடலில் வாழும் நுண்ணுயிர்களால் கிளைசிரெட்டினிக் அமிலமாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. நம் உடலில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றும் நொதி ஒன்று சிறுநீரகத்தில் உண்டு. அந்த அமிலம் இந்த நொதியை முடக்கிவிடுகிறது. அப்போது மாறாமல் தேங்கும் கார்டிசால், உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனுக்கு உரிய ஏற்பிகளில் போய் அமர்ந்து, சோடியத்தையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இரத்தப் பரிசோதனையில் ஆல்டோஸ்டிரோன் குறைவாகவே இருக்கும். ஆனால் உடல் அது மிகுந்துவிட்டதைப் போல நடந்துகொள்ளும். போலி ஆல்டோஸ்டிரோன் மிகை என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நிலையில் அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். முற்றினால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலையலாம்.

இதை ஜப்பானிய அரசு நெடுங்காலமாக அறியும். 1978இல் அன்றைய சுகாதார அமைச்சகம் கன்சோ கலந்த மருந்துகளுக்குக் கட்டுப்பாட்டு அறிவுரை வெளியிட்டது. நாளொன்றுக்கு 2.5 கிராமோ அதற்கு மேலோ கன்சோ உள்ள மருந்துகளை ஆல்டோஸ்டிரோன் மிகை, தசை நோய், பொட்டாசியக் குறைவு ஆகியவை உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அம்மருந்துகளின் விவரத்தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். இதனால் 2.5 கிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. முதியவர்கள், உடல் மெலிந்தவர்கள், சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்குக் குறைந்த அளவிலேயே தொல்லை தொடங்கலாம். இரண்டு மூன்று கம்போ மருந்துகளைச் சேர்த்து எடுப்பவர்களுக்குக் கன்சோவின் மொத்த அளவு கூடிக்கொண்டே போகும். போதாததற்கு, இனிப்புக்காக ஜப்பானில் சில சோயா சாறுகளிலும் ஊறுகாய்களிலும்கூட இதைச் சேர்க்கிறார்கள்.

எண்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று விளங்கும். ஜப்பானில் மிகப் பரவலாக எழுதப்படும் ட்சுமுரா நிறுவனத் தூள்களில், ஒரு நாள் அளவுக்கு உள்ள கன்சோ சோட்டோ-சன்னில் 1 கிராம், முதியோரின் மனக்கிளர்ச்சிக்குக் கொடுக்கப்படும் யோகுகன்-சன்னில் 1.5 கிராம், சளிக்கான காக்கொன்-டோவில் 2 கிராம், மூக்கொழுகலுக்கான ஷோசெய்ர்யு-டோவில் 3 கிராம், தசைப்பிடிப்புக்கான ஷாகுயாகு-கன்சோ-டோவில் 6 கிராம். கடைசியாகச் சொன்னதுதான் உயர் அழுத்த நோயாளிக்கு மிக எளிதில் கைக்கு வந்து சேரும் மருந்து. அழுத்தத்துக்காகத் தயசைடு வகைச் சிறுநீர்ப் பெருக்கி எடுக்கும் ஒரு முதியவருக்கு இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, ஷாகுயாகு-கன்சோ-டோ எழுதப்படுகிறது, வலி விரைவில் நின்றுவிடுவதால் அவர் அதை மூன்று வேளையும் விடாமல் எடுக்கத் தொடங்குகிறார். சிறுநீர்ப் பெருக்கி ஒரு பக்கம், கன்சோ மறுபக்கம் என்று பொட்டாசியம் இரு வழியிலும் வெளியேறுகிறது. பொட்டாசியம் குறையக் குறையத் தசைப்பிடிப்பு கூடும். கூடினால் அவர் இன்னும் ஒரு பொட்டலம் பிரிப்பார். பிடிப்பு வரும் இரவில் மட்டும் ஒரு பொட்டலம் என்று வரையறுத்துக்கொள்வதும், தொடர்ந்து தேவைப்பட்டால் பொட்டாசியத்தை அளந்து பார்ப்பதும் இந்தச் சுழலைத் தடுக்கும்.

இரண்டாவது சரக்கு மாவோ, அதாவது எஃபெட்ரா செடியின் தண்டு. 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி இதிலிருந்தே எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். எஃபெட்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பை விரைவுபடுத்தி, அழுத்தத்தை உயர்த்தும். காக்கொன்-டோவிலும் ஷோசெய்ர்யு-டோவிலும் ஒரு நாள் அளவில் 3 கிராமும், காய்ச்சலுக்கான மாவோ-டோவில் 5 கிராமும் மாவோ உண்டு. கன்சோ நாள்கள் வாரங்களாகச் சேர்ந்து செய்யும் தீங்கை மாவோ சில மணி நேரத்திலேயே செய்யக்கூடும். சளி பிடித்ததும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் காக்கொன்-டோ வாங்குவது ஜப்பானில் அன்றாட வழக்கம். அந்தப் பெட்டியில், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் வாங்குமுன் மருத்துவரையோ மருந்தாளரையோ கலந்துகொள்ள வேண்டும் என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். ஜப்பானில் குடியிருக்கும் தமிழர்கள் பலருக்கு அந்த எழுத்து படிக்க வராது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: உயர் அழுத்தம் இருப்பவர் சளிக்குக் காக்கொன்-டோ கேட்கும் முன் மருந்தாளரிடம் தம் நோயைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டு சரக்குகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, உயர் அழுத்த நோயாளிக்கு மருத்துவர் முன்வைக்கக்கூடிய கூட்டு மருந்துகளை எடுத்துப் பார்க்கலாம்.

சோட்டோ-சன் அவற்றில் மிகவும் அறியப்பட்டது. இரண்டரை கிராம் பழுப்புத் தூள் அடங்கிய சின்னப் பொட்டலத்தின்மேல் 47 என்ற ட்சுமுரா வரிசை எண் பெரிதாக அச்சிட்டிருக்கும். நாளுக்கு மூன்று பொட்டலம், உணவுக்கு முன்போ உணவுகளுக்கு இடையிலோ எடுப்பார்கள். நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு, அல்லது அழுத்தம் ஏறும் போக்கு உள்ளவர்களுக்கு நாள்பட நீடிக்கும் தலைவலிக்கானது என்பதே அதன் அங்கீகரிக்கப்பட்ட பயன். காலையில் மிகுந்து பகல் ஏற ஏறத் தணியும் தலைவலி இருந்தால் கம்போ மருத்துவர் முதலில் எண்ணுவது இதைத்தான். பதினொரு சரக்குகளில் முதன்மையானது சோட்டோகோ. கொக்கி போல் வளைந்த முட்களையுடைய அன்கேரியா கொடியின் தண்டு. அதிலுள்ள ரிங்கோஃபிலின், ஹிர்சூட்டின் போன்ற ஆல்கலாய்டுகள் இரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். ஏறக்குறைய அம்லோடிபின் செயல்படும் திசைதான் இது. 1963இல் கியோட்டோவில் ஒகாமோட்டோ, ஆவோகி இருவரும் உருவாக்கிய, தானாகவே உயர் அழுத்தம் வரும் எலி இனத்தில் சோட்டோ-சன் அழுத்தத்தைக் குறைத்திருக்கிறது. மனிதர்களிடம் இதை நன்றாகச் சோதித்த ஆய்வோ வேறொரு நோய்க்கானது: இரத்தக் குழாய்ச் சிதைவால் வரும் மறதி நோயில், 139 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1997இல் வெளியான ஆய்வில் அறிகுறிகள் மேம்பட்டன. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது முறையன்று. தலைவலிக்கு நல்ல துணை மருந்து என்ற அளவில் சோட்டோ-சன்னை மதிக்கிறேன். அதில் 1 கிராம் கன்சோ இருப்பதையும் மறக்கக் கூடாது; தனியே எடுத்தால் பெரும்பாலோருக்கு அது சிறிய அளவே, ஆனால் யோகுகன்-சன்னோடு சேர்த்தால் 2.5 கிராம் ஆகிவிடும்.

ஷிச்சிமொட்சு-கோகா-டோ, 46 எண்ணிட்டது, பழஞ்சீன நூல்களில் இருந்து வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டில் கம்போவை மீட்டெடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்கும் ஒட்சுகா கெய்செட்சு (1900–1980) தமக்காகவே அமைத்துக்கொண்ட மருந்து இது. அவருக்கு உயர் அழுத்தம் இருந்தது. அதனால் விழித்திரையில் இரத்தக் கசிவும் ஏற்பட்டது. இரத்தம் குன்றியவர்களுக்கான ஷிமொட்சு-டோ என்ற நான்கு சரக்குப் பழைய மருந்தை அடிப்படையாக எடுத்து, அதில் சோட்டோகோ, அஸ்ட்ரகாலஸ் வேர், ஓபாகு மரப்பட்டை மூன்றையும் அவர் சேர்த்தார். உடல் வலுக் குறைந்தவர்களுக்கு உயர் அழுத்தத்தோடு வரும் முகச்சூடு, தோள் இறுக்கம், காதிரைச்சல், தலைக்கனம் ஆகியவற்றுக்கு இது அங்கீகாரம் பெற்றிருக்கிறது. இந்த ஏழில் கன்சோ இல்லை. சோட்டோகோவின் பயன் வேண்டும், ஆனால் சிறுநீர்ப் பெருக்கி எடுப்பதால் கன்சோ கூடாது என்ற நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது அப்பட்டியலில் எனக்குத் தெரிந்து இல்லை. குறை என்னவென்றால், இதில் உள்ள ரெமானியா கிழங்கு வயிற்றுக்குக் கனமானது. பசியின்மையும் குமட்டலும் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

உடல் வலுவுள்ளவருக்கு, முகம் சிவந்து, எரிச்சலும் தூக்கமின்மையும் மிகுந்திருந்தால், மருத்துவரின் கை ஓரென்-கெடோகு-டோ பக்கம் போகும். ஓரென் கிழங்கு, ஓகோன் வேர், ஓபாகு பட்டை, சன்ஷிஷி கனி என்ற நான்கே சரக்குகள்; நான்கும் கசப்பு. நாக்கில் பட்டவுடன் உச்சந்தலை வரை ஏறும் அந்தக் கசப்புக்கு ஓரெனிலும் ஓபாகுவிலும் உள்ள பெர்பெரின் பெரும் காரணம். நம் மரமஞ்சளில் இருப்பதும் இதே பொருள்தான். இந்த மருந்தைப் பற்றிச் சொல்லத் தெளிவான சான்று இருக்கிறது. உயர் அழுத்த நோயாளிகள் இருநூறுக்கும் மேற்பட்டோரிடம், யார் மருந்து எடுக்கிறார், யார் வெற்று மருந்து எடுக்கிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில் எட்டு வாரம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. முகச்சூடு, சிவப்பு போன்ற தொல்லைகள் மருந்து எடுத்தவர்களுக்குக் கூடுதலாகத் தணிந்தன. இரத்த அழுத்தத்தில் மட்டும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கம்போவிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த முடிவைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை. எண்ணைக் குறைக்கும் பணி மாத்திரையுடையது. அந்த எண்ணோடு சேர்ந்து வரும் துன்பத்தைத் தணிக்கும் பணியைத்தான் மூலிகையிடம் ஒப்படைக்கலாம்.

ஓரென்-கெடோகு-டோவில் கன்சோ இல்லை, மாவோவும் இல்லை. அப்படியிருந்தும் ஆண்டுக்கணக்கில் எடுப்பதற்கு நான் தயங்குவேன். சன்ஷிஷி எனப்படும் கார்டீனியாக் கனியைப் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து எடுத்தவர்களிடம் பெருங்குடல் சிரைகள் கெட்டித்துப் போகும் நோய் கண்டறியப்பட்டு, அந்த எச்சரிக்கை மருந்தின் விவரத்தாளிலும் சேர்ந்திருக்கிறது. ஓகோன் சிலருக்குக் கல்லீரலையும், அரிதாக நுரையீரலையும் தாக்கும். மூலிகை என்பதால் தீங்கில்லை என்ற நம்பிக்கையை ஜப்பான் 1996இல் பெரும் விலை கொடுத்துக் கைவிட்டது. ஓகோன் அடங்கிய ஷோசைகோ-டோவை எடுத்த கல்லீரல் நோயாளிகளில் பத்துப் பேர் நுரையீரல் அழற்சியால் இறந்ததாக அந்த ஆண்டு அரசு அவசர எச்சரிக்கை வெளியிட்டது. ஓகோன் உள்ள எந்த மருந்தையும் எடுக்கும்போது வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ காய்ச்சலோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

டாய்சைகோ-டோ பருத்த, உறுதியான உடலும் மலச்சிக்கலும் உள்ளவருக்கானது. கம்போ மருத்துவர் நோயாளியைக் கால் நீட்டிப் படுக்கவைத்து, விலா எலும்புகளுக்குக் கீழே விரல்களை அழுத்திப் பார்ப்பார். அங்கே தசை இறுகி எதிர்த்தால், அழுத்தும்போது வலித்தால், இந்த மருந்துக்கு அது அறிகுறி. இதில் கன்சோ இல்லாதது உயர் அழுத்தக்காரருக்குச் சாதகம். இரேவல்சின்னி இருப்பதால் பேதி ஏற்பட்டால் பொட்டாசியம் குறையலாம் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். படபடப்பும் அச்சமும் உறக்கமின்மையும் முன்னிற்பவர்களுக்குச் சிப்பி ஓடும் புதைபடிவ எலும்பும் சேர்ந்த சைகோ-கா-ர்யுகொட்சு-போரெய்-டோவும், இடுப்புக்குக் கீழே குளிர்ந்து இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும் முதியவர்களுக்கு ஹச்சிமி-ஜியோ-கன்னும் எழுதப்படுகின்றன. இவ்விரண்டிலும் கன்சோ இல்லை. பின்னதில் பதப்படுத்திய அக்கோனைட் கிழங்கு இருப்பதால் படபடப்போ நாக்கு மரத்துப்போவதோ தெரிந்தால் நிறுத்த வேண்டும்.

இந்த வரிசையில் நான் வெளிப்படையாக எதிர்க்கும் ஒன்று போஃபு-ட்சுஷோ-சன், 62 எண்ணிட்டது. பதினெட்டுச் சரக்குகள் கொண்ட இது, வயிற்றில் கொழுப்பு திரண்டவர்களுக்கு உயர் அழுத்தத்தோடு வரும் படபடப்பு, தோள் இறுக்கம், முகச்சூடு ஆகியவற்றுக்கு முறைப்படி அங்கீகரிக்கப்பட்டது. அதே மருந்தின் ஒரு நாள் அளவில் மாவோ 1.2 கிராமும் கன்சோ 2 கிராமும் இருக்கின்றன. அழுத்தத்தை ஏற்றும் இரண்டு சரக்குகளும் ஒன்றாகச் சேர்ந்த மருந்தின் உறையில் உயர் அழுத்தம் என்ற சொல் பயன்களின் பட்டியலில் நிற்பதைப் பார்க்கும் சாதாரண வாசகர், அது அழுத்தத்துக்கு நல்லது என்றே எடுத்துக்கொள்வார். அவர் மீது தவறில்லை. இது மருந்துக் கடைகளில் தொப்பை குறைக்கும் மருந்தாகச் சீட்டில்லாமலே விற்கப்படுவதால் ஆபத்து இன்னும் கூடுகிறது. மலச்சிக்கலும் பருமனும் உள்ள உயர் அழுத்தக்காரருக்கு மருத்துவர் கம்போவே எழுத விரும்பினால், டாய்சைகோ-டோ கிட்டத்தட்ட அதே பணியை மாவோவும் கன்சோவும் இன்றிச் செய்யும். 62ஐ எடுத்தே ஆக வேண்டிய காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

ஆகவே தேர்வு நோயாளியின் உடலையும் அவர் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளையும் பொறுத்து அமைய வேண்டும். அம்லோடிபின் மட்டும் எடுப்பவர், சிறுநீரகம் நலமாக உள்ளவர், காலைத் தலைவலியால் வருந்துபவர் என்றால் சோட்டோ-சன் ஏற்றது. தயசைடு அல்லது வேறு சிறுநீர்ப் பெருக்கி எடுப்பவருக்கும் மெலிந்த முதியவருக்கும், வயிறு ஏற்குமானால், ஷிச்சிமொட்சு-கோகா-டோவை முதலில் வைப்பேன். முகம் சிவந்து கொதிப்பவருக்கு ஓரென்-கெடோகு-டோவைச் சில மாதங்களுக்கு மட்டும். தலைவலியோ முகச்சூடோ எதுவும் இல்லை, எண் மட்டும் உயர்ந்திருக்கிறது என்பவருக்குக் கம்போ தேவையே இல்லை. உப்பைக் குறைப்பதும் மாத்திரையை ஒழுங்காக எடுப்பதும் போதும். ஜப்பானியரின் உணவில் உப்பு இன்னும் நாளுக்குப் பத்து கிராமை ஒட்டியே இருக்க, உயர் அழுத்தக்காரருக்கு வழிகாட்டுதல் சொல்லும் அளவு 6 கிராமுக்கும் குறைவு. மிசோ சூப்பும் ஊறுகாயும் குறையாதவரை எந்தப் பொட்டலமும் அதை ஈடுசெய்யாது.

எதைத் தொடங்கினாலும், தொடங்குமுன் ஒரு முறையும், பின்னர் சில வாரங்களுக்குள் ஒரு முறையும் இரத்தத்தில் பொட்டாசியத்தை அளந்து பார்ப்பது நல்லது. கன்சோ உள்ள மருந்தானால் இது கட்டாயம். வீட்டில் காலை எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்த பின், உணவுக்கும் மருந்துக்கும் முன்பு, ஒன்றிரண்டு நிமிடம் அமைதியாக உட்கார்ந்து அழுத்தத்தை அளந்து குறித்து வைக்க வேண்டும். கம்போ தொடங்கிய பிறகு அந்தக் குறிப்பேட்டில் எண் மேலே ஏறினாலோ, கால் வீங்கினாலோ, மாடிப்படி ஏறத் தொடை தளர்ந்தாலோ, அந்தப் பொட்டலத்தின் சரக்குப் பட்டியலில் கன்சோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். எட்டு வாரம் எடுத்தும் தலைக்கனமும் முகச்சூடும் தணியவில்லையென்றால் அந்தக் கூட்டு மருந்தைத் தொடர்வதில் பொருளில்லை. தணிந்துவிட்டது என்பதற்காக அழுத்த மாத்திரையைத் தாமே நிறுத்திவிடவும் கூடாது. தலைவலி நின்ற நாளிலும் எண் 150இல் நிற்கலாம், அதைக் கருவி மட்டுமே காட்டும்.